உங்க வாட்சுக்குள்ள இருக்கிற பாஸ்டன்காரர்

ராத்திரி ஃபிட்னஸ் வாட்சைக் கழட்டி மேஜை மேல வெச்சிட்டுத் தூங்கியிருக்கீங்களா? காலையில எழுந்து ஆப்பைத் திறந்தா, பல வாட்ச்கள்ல அன்னைக்கான மொத்தக் கலோரி ஏற்கனவே சில நூறு ஏறியிருக்கும். கையில வாட்சே இல்ல. நாடித்துடிப்பும் இல்ல, அசைவும் இல்ல. அப்போ அந்த எண் எங்கிருந்து வந்தது?

நீங்க வாட்சை முதல் நாள் ஃபோனோட இணைச்சப்போ அது நாலு விஷயம் கேட்டிருக்கும். வயசு, உயரம், எடை, ஆணா பெண்ணா. நாம யோசிக்காம நிரப்பிட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். அந்த நாலை மட்டும் வெச்சு, சும்மா படுத்திருக்கிற உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் செலவழிக்கும்னு கணக்கு போடற வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பினவர்களில் முக்கியமானவர் ஃபிரான்சிஸ் பெனடிக்ட். ஜிம் ஆப், டயட் ஆப் எதுலயாவது 'ஹாரிஸ்-பெனடிக்ட்' என்ற பெயரைப் பார்த்திருப்பீங்க. அவர்தான் இவர்.

பிளஸ் டூ லேப்ல சர்க்கரை இருக்கான்னு பார்க்க நீலமா ஒரு கரைசல் ஊத்தினோமே, அந்த பெனடிக்ட் வேற. அவர் ஸ்டான்லி. ரெண்டு பேரும் அமெரிக்கர்கள், ஒரே காலத்தவர்கள், ரெண்டு பேருக்கும் உடம்போட வேதியியல்தான் வேலை. குழம்பினா உங்க தப்பில்ல.

நம்ம பெனடிக்ட் 1870 அக்டோபர் 3ஆம் தேதி மில்வாக்கியில் பிறந்தார். ஹார்வர்டில் வேதியியல் படித்தார். 1895ல் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பி, மிடில்டவுன் என்ற சின்ன ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற பேராசிரியரிடம் வேலைக்குச் சேர்ந்தார். புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, மாவுச்சத்து 4 என்று நாம மனப்பாடமா சொல்றோமே, அது அட்வாட்டர் கொடுத்த கணக்கு. உணவுக் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி. இந்தக் கட்டுரை முழுக்க அதே அர்த்தம்தான்.

அட்வாட்டரிடம் அப்போ ஒரு அதிசயமான பெட்டி இருந்தது. இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவோடு சேர்ந்து கட்டியது. ஒரு ஆள் படுக்க, உட்கார, நிற்க மட்டும் இடம் இருக்கிற, செம்புத் தகடு போர்த்தின அறை. உள்ளே ஒரு ஆளை விட்டு மூடிடுவாங்க. சாப்பாடு ஒரு சின்ன ஜன்னல் வழியா உள்ளே போகும், கழிவு வெளியே வரும். ஆள் நாள்கணக்கா உள்ளேயே இருப்பார். சுவர் ஓரமா ஓடுற குழாயில் தண்ணீர் போகும். உடம்பு விடற வெப்பத்தை அந்தத் தண்ணீர் வாங்கிட்டு வெளியே வரும். உள்ளே போகும்போது என்ன வெப்பநிலை, வெளியே வரும்போது என்ன வெப்பநிலை, எவ்வளவு தண்ணீர் போச்சு? நாம முதல் வருஷ பிசிக்ஸ் லேப்ல கலோரிமீட்டர்னு ஒரு டப்பாவைக் கலக்கிட்டு இருந்தோமே, அதையே மனுஷன் வசிக்கிற சைஸுக்குச் செய்தது இது. பெட்டி பொய் சொல்லுதான்னு பார்க்க, உள்ளே ஆல்கஹாலை அளந்து எரிச்சு, வர வேண்டிய வெப்பம் வருதான்னு சோதிப்பாங்க.

ஆளுக்குள்ளே போன உணவோட ஆற்றலும் ஆளிடமிருந்து வெளியே வந்த ஆற்றலும் 1 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பொருந்தின. ஆற்றல் அழியாது என்ற விதி உயிருள்ள உடம்புக்கும் செல்லும்னு எண்களோடு காட்டிய வேலை அது. இளைஞர் பெனடிக்ட் கற்றுக்கொண்டது இந்தக் கறார்த்தனத்தைத்தான். பின்னாடி வரப்போற விஷயத்துக்கு இது தேவை, ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

அட்வாட்டர் 1904ல் பக்கவாதத்தில் விழுந்தார், 1907ல் இறந்தார். அதே 1907ல் கார்னெகி நிறுவனம் பெனடிக்டுக்காக பாஸ்டனில் ஒரு ஊட்டச்சத்து ஆய்வகத்தை ஏற்படுத்தியது. அடுத்த 30 வருஷம் அதற்கு அவர்தான் இயக்குநர். அறைக்குள்ள ஆளை அடைக்கிற முறை ரொம்ப செலவு, ரொம்ப நேரம். அதனால மூச்சை அளக்கிற வழியை அவர் செம்மைப்படுத்தினார். உடம்பு ஒரு லிட்டர் ஆக்சிஜன் எடுத்தா, தோராயமா 4.8 முதல் 5 கலோரி வரை செலவாகியிருக்கும். எதை எரிக்குது என்பதைப் பொறுத்து கொஞ்சம் மாறும், அவ்ளோதான். மூக்கை அடைச்சு, வாயில் குழாய் வெச்சு, மூடிய சுற்றில் மூச்சு விடச் சொல்லி, குறைஞ்ச ஆக்சிஜனை அளந்தா போதும். இன்னைக்கும் எந்த வாட்சையும் சோதிக்க ஆய்வகத்தில் இந்த மூச்சு அளவைத்தான் பக்கத்தில் வைக்கிறாங்க.

பாஸ்டனில் அவர் செய்த ஆய்வுகளைப் பட்டியல் போட்டா இந்த இதழ் முழுக்க வேணும். ரெண்டை மட்டும் சொல்றேன்.

1912ல் மால்டாவிலிருந்து லெவன்சின் என்ற ஒருவர் வந்து ஆய்வகத்திலேயே தங்கி, தண்ணீர் மட்டும் குடிச்சு, 31 நாள் பட்டினி இருந்தார். பெனடிக்ட் குழு அவர் மூச்சு, நாடி, எடை எல்லாத்தையும் நாள் விடாம அளந்தது. அடுத்து முதல் உலகப்போர் நேரம். ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ கல்லூரி மாணவர்கள் சிலரை மாசக்கணக்கா குறைவான சாப்பாட்டில் வெச்சுப் பார்த்தார். நம்ம வயசுப் பசங்க. எடை குறைஞ்சது, அது எதிர்பார்த்ததுதான். ஆனா உடம்போட செலவு, எடை குறைஞ்ச விகிதத்தை விட அதிகமா குறைஞ்சது. வரவு குறைஞ்சதும் உடம்பு செலவைச் சுருக்கிக்கிச்சு. ஹாஸ்டல் மெஸ் சாப்பாடு பிடிக்காம ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டு, ஆனா வாட்ச் சொல்ற கலோரி மட்டும் அப்படியே இருக்குன்னு நம்பற நண்பர்கள் எனக்கு இருக்காங்க, உங்களுக்கும் இருப்பாங்க. நீங்க சாப்பிடலைன்னு வாட்சுக்குத் தெரியாது.

இப்போ 1919. பெனடிக்ட், ஜேம்ஸ் ஆர்தர் ஹாரிஸ் என்ற புள்ளியியல் வல்லவரோடு சேர்ந்து, அதுவரை அளந்த 136 ஆண்கள், 103 பெண்கள், 94 பச்சிளங்குழந்தைகளின் ஓய்வுநிலைச் செலவை வரிசைப்படுத்தி ஒரு புத்தகம் வெளியிட்டார். பெரியவர்களுக்கான சமன்பாடு அதில்தான் வந்தது. ஆண்களுக்கு 66.5 என்று ஆரம்பித்து, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 13.75 கூட்டு, உயரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 5 கூட்டு, வயசில் ஒவ்வொரு வருஷத்துக்கும் 6.76 கழி. பெண்களுக்கு 655.1ல் ஆரம்பம், 9.56, 1.85, 4.68. லீனியர் ரெக்ரெஷன் பாஸ், வேற ஒண்ணுமில்ல. நாம மூணு வரி கோடில் செய்றதைக் கையால் போட்டிருக்காங்க.

எதுக்காகப் போட்டாங்க என்பதுதான் எனக்குப் பிடிச்ச இடம். அந்தக் காலத்தில் தைராய்டு கோளாறைக் கண்டுபிடிக்க மூச்சை அளந்துதான் பார்ப்பாங்க. அளந்த எண் அதிகமா குறைவான்னு சொல்ல, ஆரோக்கியமான ஆளுக்கு எவ்வளவு இருக்கும்னு ஒரு ஒப்பீடு வேணும். சமன்பாடு கொடுக்கிறது அந்த ஒப்பீட்டை. முதல்ல ஆளை அளக்கணும், அப்புறம் சமன்பாட்டோடு வித்தியாசத்தைப் பார்க்கணும். ஆப்கள் முதல் பாதியை விட்டுட்டு ரெண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கிச்சு. அளக்கவே இல்ல, ஒப்பீட்டையே உங்க அளவுன்னு காட்டுது.

வாட்ச் கம்பெனிகள் தங்கள் முழுக் கணக்கை வெளியிடறதில்ல. சமன்பாடும் மாறியிருக்கு. 1984ல் இதையே திருத்தினாங்க, 1990ல் மிஃப்ளின் என்பவர் பெயரில் வேற ஒண்ணு வந்தது. ஆனா அமைப்பு அதேதான். வயசு, உயரம், எடை, ஆண் பெண் வெச்சு ஒரு அடித்தளம். அதுக்கு மேல, கை அசைவையும் நாடியையும் வெச்சு உடற்பயிற்சிக் கணக்கு. ஒரு மணி நேரம் நடந்தா வாட்ச் காட்டுற மொத்தக் கலோரியில், நீங்க கட்டில்ல படுத்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய 50, 60 கலோரி கலந்திருக்கும். 'ஆக்டிவ்', 'டோட்டல்'னு ரெண்டு எண் தனித்தனியா இருக்கிறது இதனால்தான்.

மேல்மாடி எப்படி? 2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு 7 வகைக் கைக்கருவிகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வெச்சு, மூச்சு அளவோடு ஒப்பிட்டாங்க. நாடித்துடிப்பில் 7ல் 6 கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்துடுச்சு. கலோரியில்? ரொம்ப நல்ல கருவியே சராசரியா 27 சதவீதம் தப்பு. ரொம்ப மோசமானது 93 சதவீதம். கருமையான தோல் இருக்கிறவங்களுக்குப் பிழை இன்னும் அதிகமா வந்தது. வாட்ச் அடியில் பச்சை விளக்கு மின்னுதே, அது தோல் வழியா ரத்த ஓட்டத்தைப் பார்க்குது. தோலில் இருக்கிற நிறமி அந்த ஒளியில் ஒரு பங்கை விழுங்கிடும். நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இது பொருந்தும்னு சொல்லத் தேவையில்ல. இது ஒரே ஆய்வு, அந்த மாடல்களும் பழசு. ஆனா நாடி நல்லா வந்தும் கலோரி சொதப்புறது ஏன்னு யோசிச்சா காரணம் புரியும். நாடி ஏறினா உழைப்புன்னு வாட்ச் எடுத்துக்கும். வைவாவுக்கு வெளியே நிக்கும்போதும் நாடி ஏறும். காஞ்சிபுரத்து மே மாச வெயில்ல சும்மா பஸ்ஸுக்கு நின்னாலும் ஏறும்.

அசைவு மட்டும் உதவுமா? பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் தறியைப் பாருங்க. நெய்யறவர் குழித்தறியில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கால் ரெண்டும் பள்ளத்துக்குள்ள மிதியை மாத்தி மாத்தி மிதிக்குது. ஒரு கை நாடாவை ஓட்டுது, இன்னொரு கை அச்சை இழுத்து அடிக்குது. வாட்ச் எந்தக் கையில இருக்கோ அதைப் பொறுத்துக் கதை மாறும். எங்க மாமா கையில ஒரு நாள் என் வாட்சைக் கட்டினேன். பட்டுப்பாவு முன்னாடி அசையாம உட்கார்ந்திருந்த மனுஷரை அது நடக்க வெச்சு, படி எண்ண ஆரம்பிச்சிடுச்சு. அவர் இடுப்பும் தொடையும் செய்யற வேலை அதுக்குத் தெரியவே இல்ல. அவர் சிரிச்சிட்டு, ஒரு புடவைக்கு எத்தனை கிலோமீட்டர்னு பார்த்துச் சொல்லு, கூலி கேட்கலாம்னார். வைகாசியில வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு நேர்மாறான கேஸ். பெருமாளைத் தோளில் தாங்கி வர்றவங்க மெதுவாத்தான் நடப்பாங்க, கை கொம்பைப் பிடிச்சபடி அசையாது. அவங்க தோள்ல இருக்கிற எடையைக் கேட்க வாட்சில் ஒரு கட்டமும் இல்ல.

பெனடிக்ட் உழைப்பை எப்படி அளந்தார் தெரியுமா? கிளாஸ்கோவிலிருந்து வந்த கேத்கார்ட்டோடு சேர்ந்து, தேர்ந்த சைக்கிள்காரர் ஒருவரை நிலை சைக்கிளில் உட்கார வெச்சு, பெடலுக்குப் போன வேலையையும் மூச்சில் தெரிஞ்ச செலவையும் தனித்தனியா எடுத்தார். 1913ல் அது வெளியானது. செலவில் வேலையா மாறினது கிட்டத்தட்ட கால் பங்குக்குள்தான், மீதி எல்லாம் வெப்பம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இந்த எண் பழக்கமா இருக்கும், பெட்ரோல் இன்ஜினும் அந்த ரேஞ்சுதானே.

மனசு உழைப்பையும் விடலை. 1930ல் மனைவி கார்னீலியாவோடு சேர்ந்து, மனக்கணக்கு போட வெச்சு மூச்சை அளந்தார். கார்னீலியா அவர் ஆய்வுகளில் கூடவே உழைத்தவர். தீவிரமா ஒரு மணி நேரம் மூளையைக் கசக்கினா கூடுதலா ஆகிற செலவு, ஒரு உப்புக்கடலையில் பாதி கொடுக்கிற ஆற்றல் அளவுதான்னு முடிவு சொன்னாங்க. செமஸ்டர் நேரத்தில் படிக்கிறேன்னு சொல்லி ராத்திரி 1 மணிக்கு பரோட்டா தேடிப் போறவங்க இந்தப் பத்தியைக் கடந்து போயிடலாம்.

இனி நம்ம ஊர்க் கதை. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிற பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தெரியும்தானே. அங்கே எலினார் மேசன் என்ற ஆசிரியை, தென்னிந்தியப் பெண்களின் ஓய்வுநிலைச் செலவை மூச்சு அளவு முறையில் அளந்தார். காலை வெறும் வயிறு, அசையாம படுக்கை, ஆனா விழிப்பு. பெனடிக்டோடு சேர்ந்து 1931ல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் அதை வெளியிட்டார். அமெரிக்க அளவுகோல் எதிர்பார்த்ததை விட, தென்னிந்தியப் பெண்களின் செலவு சராசரியா ஆறில் ஒரு பங்கு குறைவு. தன் பேரில் இருக்கிற சமன்பாடு மெட்ராஸில் பொருந்தலை என்று காட்டிய கட்டுரையில் அவர் பேரும் இருக்கு. அவரோட கறார்த்தனம்னு முன்னாடி சொன்னேனே, இதைத்தான்.

அது எவ்வளவு பெரிய வித்தியாசம்? 21 வயசு, 50 கிலோ, 155 சென்டிமீட்டர் பெண்ணுக்கு 1919 சமன்பாடு 1,322 கலோரி சொல்லும். அதில் ஆறில் ஒரு பங்கு 220. சாதாரண இட்லி கணக்கில் ஒரு நாளைக்கு மூணு. (நம்ம ஊர் கோயில் இட்லியை வெச்சுக் கணக்கு போடாதீங்க, அது தனி அளவு.) ஆப் சொன்ன எண்ணைக் குறைச்சு, அதுக்குக் கீழே சாப்பிட்டா எடை குறையணுமேன்னு குழம்பி, தன் மேலேயே கோபப்பட்டு, இன்னும் சாப்பாட்டை வெட்டற பொண்ணுங்களை எங்க கிளாஸ்லயே பார்த்திருக்கேன். கணக்கோட அடித்தளம் அவங்க உடம்புக்குப் போட்டதே இல்லைங்கிற விஷயம் யாரும் சொல்லலை.

ஏன் குறைவு? ஒருவேளை இவங்க மத்தவங்களை விடத் தளர்வா படுத்திருந்தாங்களோன்னு ஒரு சந்தேகம் வந்தது. 1934ல் மேசனும் பெனடிக்டும் தூங்கும்போதும் அளந்தாங்க. தூக்கத்தில் அது இன்னும் இறங்கியது. அதனால் தளர்ச்சி மட்டும் காரணம்னு சொல்ல முடியலை. மேசன் தென்னிந்தியாவில் இருந்த ஐரோப்பியப் பெண்களையும் அளந்து, தட்பவெப்பம் மாறினா என்ன ஆகுதுன்னு தேடினார். பெனடிக்ட் மட்டும் அந்தக் காலத்துக்கே உரிய பழக்கத்தில் இனம் என்ற திசையில் விடை தேடினார். மாயா மக்கள், சீனப் பெண்கள்னு ஆய்வு நீண்டது. அங்கேதான் அவரோட எனக்கு உடன்பாடு இல்ல. எண்ணை நேர்மையா எடுத்தவர், பெயர் வைக்கும்போது சறுக்கிட்டார்.

பின்னாடி பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பல வருஷம் இதே கேள்வியைத் தோண்டினாங்க. 1998ல் இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒண்ணு, கொழுப்பைக் கழிச்சு மீதி உடம்பு எவ்வளவுன்னு கணக்கில் எடுத்தா இன வித்தியாசத்துக்கு ஆதாரம் இல்லைன்னு சொன்னது. அதே 50 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதுதான் விஷயம். எடைக்கட்டத்தில் ஒரே எண் போடற ரெண்டு பேர் உள்ளுக்குள்ள வேற வேற. ஐ.சி.எம்.ஆரும் இந்தியர்களுக்கான பரிந்துரையில் சர்வதேசச் சமன்பாட்டிலிருந்து 5 சதவீதம் கழிச்சுத்தான் கணக்கு போட்டது. 1931 எண் அளவுக்குப் பெரிய இடைவெளி இல்ல, ஆனா இடைவெளி இருந்தது. அதே ஐ.சி.எம்.ஆர் உழைப்பு வகையில் நெசவாளருக்கு மிதமான உழைப்பு, ஆசிரியருக்கும் அர்ச்சகருக்கும் உட்கார்ந்த வேலை. எங்க மாமாவை 'மிதம்'னு சொன்னா என்ன சொல்வாரோ, கேட்கலை.

பெனடிக்டின் கடைசி பெரிய வேலை யானை. பாம்பு, ஆமை, எலி, புறா எல்லாம் அளந்து முடிச்சவர், ஜாப் என்ற பெண் யானையிடம் வந்தார். எடை 3,672 கிலோ. அதோட மூச்சை அளந்து, 1936ல் யானையின் உடலியங்கியல் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். ஒரு நாளைக்குச் சுமார் 49,000 கலோரி. பெரிய எண்தான், ஆனா கிலோவுக்கு வகுத்துப் பாருங்க, 13 சொச்சம். நமக்குக் கிலோவுக்கு 25 பக்கம். கோயில் வாசல்ல ஆசீர்வாதம் பண்ற யானை, கிலோ கணக்கில் உங்களை விடப் பாதிதான் செலவு பண்ணுது.

1937ல் ஓய்வு பெற்றார். அவருக்கு இளமையிலிருந்தே மேஜிக் மேல் பைத்தியம். ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் மேடையில் மேஜிக் காட்டிப் பேசினார். ஆய்வகத்தில் 40 வருஷம் ஒரு மூச்சுக்காற்று கூடக் கணக்கில் தப்பாம பார்த்துக்கிட்டவர், மேடையில் நாணயத்தை மறைய வெச்சுட்டு இருந்தார். மெயின் மாநிலத்தில் மச்சையாஸ்போர்ட் என்ற கடலோர ஊரில் 1957 மே 14ஆம் தேதி இறந்தார்.